இங்கிலாந்தில் ரயில் நிலைய டிக்கெட் கவுன்டர்களை மூடுவதை மக்கள் ஏன் இவ்வளவு கடுமையாக எதிர்த்தார்கள்?

கேள்வி சுருக்கமாக இதுதான்: 2023 வாக்கில் இங்கிலாந்தில் விற்ற ரயில் டிக்கெட்டுகளில் நூற்றுக்குப் பன்னிரண்டுதான் கவுன்டரில் விற்றது. மற்றதெல்லாம் கைபேசி, இணையம், தானியங்கி இயந்திரம் என்று மாறியிருந்தது. அப்படியிருக்க, அந்த ஆண்டு கவுன்டர்களை மூடப்போவதாக அறிவித்தபோது லட்சக்கணக்கானோர் எதிர்த்து எழுதியது ஏன்? தொழிற்சங்கம் தூண்டிவிட்டதா, பழகிய ஒன்றை விட மனமில்லாத பிடிவாதமா?

இரண்டும் முக்கியக் காரணம் அல்ல என்பதே என் பதில். வேலையிழப்பைக் கண்டு தொழிற்சங்கம் கிளர்ந்தெழுந்தது உண்மை. ஆனால் தொழிற்சங்கத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாதவர்கள், ரயில் வேலைநிறுத்தங்களால் எரிச்சலடைந்திருந்தவர்கள்கூட, இந்த ஒரு விஷயத்தில் எதிர்ப்பின் பக்கம் நின்றார்கள். ஒரு ரயில் நிலையத்தில் இன்ன நேரம் முதல் இன்ன நேரம் வரை, இன்ன இடத்தில், உதவத் தெரிந்த ஒரு மனிதர் இருப்பார் என்று எழுத்தில் உறுதி தரப்பட்டிருந்தது கவுன்டரின் மூலமாகத்தான். கவுன்டரோடு அந்த உறுதியும் போய்விடும் என்பதைப் பலர் சரியாகவே உணர்ந்தார்கள்.

நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். 2023 ஜூலை 5 அன்று, ரயில் நிறுவனங்களின் கூட்டமைப்பான ரயில் டெலிவரி குரூப், இங்கிலாந்தின் பெரும்பாலான டிக்கெட் கவுன்டர்களை மூடும் திட்டத்தை அறிவித்தது. மூன்று ஆண்டுகளுக்குள் ஏறத்தாழ ஆயிரம் கவுன்டர்கள் வரை மூடப்படக்கூடும் என்று பேசப்பட்டது. ஊழியர்களைக் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னாலிருந்து வெளியே கொண்டுவந்து, நுழைவாயிலிலும் நடைமேடையிலும் பயணிகளோடு நேரில் நிற்கவைக்கப் போகிறோம் என்பதே நிறுவனங்கள் தந்த விளக்கம். 1990-களின் நடுவில் எண்பது விழுக்காட்டுக்கு மேல் இருந்த கவுன்டர் விற்பனை பன்னிரண்டாகச் சுருங்கியதைக் காரணமாகக் காட்டினார்கள். கருத்துத் தெரிவிக்க 21 நாள் அவகாசம் தந்தார்கள். அந்த அவகாசம் பிறகு செப்டம்பர் 1 வரை நீண்டது. ஏன் நீண்டது என்பதைப் பின்னால் சொல்கிறேன். வந்து சேர்ந்த கருத்துகள் ஏறத்தாழ ஏழரை லட்சம். மிகச் சில நீங்கலாக எல்லாம் எதிர்ப்பு. அக்டோபர் 31 அன்று அரசு திட்டத்தைக் கைவிட்டது.

இதற்குப் பின்னால் இருக்கும் விதியை அறியாமல் எதிர்ப்பைப் புரிந்துகொள்ள முடியாது. பிரிட்டிஷ் ரயில் தனியார்மயமானபோது, 1995-இல், டிக்கெட் விற்பனை குறித்து எல்லா நிறுவனங்களையும் கட்டுப்படுத்தும் ஓர் உடன்படிக்கை உருவானது. அதன் 17-ஆம் அட்டவணையில், எந்த நிலையத்தின் கவுன்டர் எந்தக் கிழமை எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை திறந்திருக்க வேண்டும் என்று நிலையம் நிலையமாக எழுதப்பட்டுள்ளது. அதை ஒரு நிறுவனம் நினைத்தபடி பெரிதாக மாற்றிவிட முடியாது. நிலையத்தில் அறிவிப்பு ஒட்ட வேண்டும். மக்களிடம் கருத்துக் கேட்க வேண்டும். பயணிகள் நலனைக் காக்கும் அமைப்புகளான டிரான்ஸ்போர்ட் ஃபோகஸ், லண்டன் பகுதிக்கு லண்டன் டிராவல்வாட்ச், இவை மறுப்புத் தெரிவிக்க வாய்ப்பளிக்க வேண்டும். அவை மறுத்த பிறகும் நிறுவனம் விடாப்பிடியாக இருந்தால், முடிவு போக்குவரத்து அமைச்சரிடம் போகும்.

வெளியே வந்து நடமாடப் போவதாகச் சொல்லப்பட்ட ஊழியருக்கு இப்படி ஓர் அட்டவணை கிடையாது. இன்று காலை ஆறு மணி முதல் இரவு எட்டு மணி வரை நிலையத்தில் இருப்பவர், அடுத்த ஆண்டு பத்து மணி முதல் நான்கு மணி வரை மட்டும் இருக்கலாம். அதற்கடுத்த ஆண்டு, நான்கு நிலையங்களுக்குச் சேர்த்து ஒருவராக வாரத்தில் இரண்டு நாள் வந்து போகலாம். அதற்கெல்லாம் யாரிடமும் கருத்துக் கேட்க வேண்டிய கட்டாயம் இராது. பல நிறுவனங்கள் முன்வைத்த முதல் வரைவிலேயே சில நிலையங்களில் ஊழியர் இருக்கும் நேரம் பெருமளவு குறைந்திருந்தது. வேலைகள் 2,000-க்கு மேல் பறிபோகும் என்று ரயில் ஊழியர்களின் ஆர்எம்டி தொழிற்சங்கம் கூறியது. ஊழியர்கள் பயணிகளுக்கு இன்னும் நெருக்கமாக வருவார்கள் என்று ஒரு பக்கம் சொல்லிக்கொண்டு, மறுபக்கம் அவர்கள் எண்ணிக்கையையும் நேரத்தையும் குறைக்கும் திட்டத்தை நம்பச் சொன்னால் யார் நம்புவார்கள்?

இனி அந்தப் பன்னிரண்டு விழுக்காட்டுக்கு வருவோம். எண் உண்மையாகவே இருக்கட்டும். 2022-23 நிதியாண்டில் பிரிட்டனில் ஏறத்தாழ 138 கோடி ரயில் பயணங்கள் நடந்தன. ஒரு சீசன் டிக்கெட்டில் பல பயணங்கள் அடங்கும் என்பதால் பயணத்தையும் டிக்கெட்டையும் அப்படியே ஒப்பிட முடியாதுதான். எவ்வளவு கழித்தாலும், எட்டில் ஒன்று என்பது பல கோடி டிக்கெட்டுகள். இதைவிட முக்கியம், அந்த எட்டில் ஒருவர் யார் என்பது. கைபேசியில் இரண்டு தட்டில் வேலை முடியும் எளிய பயணங்கள் ஏற்கெனவே கவுன்டரை விட்டுப் போய்விட்டன. கவுன்டருக்கு வருவது பெரும்பாலும் மற்ற வழிகளில் முடியாத வேலை: இடையில் இறங்கி ஏறும் பயணம், தேதி மாற்றம், பணம் திரும்பப் பெறுதல், ஒரு முழு வட்டாரத்துக்குமான சுற்றுலா டிக்கெட், ரொக்கப் பணம், வங்கி அட்டை இல்லாதவர், ஆங்கிலம் சரளமாக வராதவர். லண்டன் புறநகர்களில் பிள்ளைகளோடு வாழும் நம் ஈழத்து முதியவர்களில் பலரும் இந்தக் கடைசி வகையில் அடங்குவார்கள். எளிய வேலைகள் குறைந்ததால் மிஞ்சிய வேலைகளும் தேவையற்றவை என்று முடிவுகட்டுவது தவறான கணக்கு.

அதோடு, பிரிட்டிஷ் ரயில் கட்டண முறை சாதாரணமானதன்று. சுமார் 5.5 கோடி வெவ்வேறு கட்டணங்கள் அதில் இருப்பதாக ரயில் துறையே சொல்லியிருக்கிறது. எந்நேரமும் செல்லத்தக்கது, நெரிசலற்ற நேரத்துக்கானது, அதிலும் மலிவானது, முன்கூட்டியே எடுப்பது என்று வகைகள். அவற்றின் மேல் சலுகை அட்டைகள். அதற்கும் மேல், எந்த நிறுவனத்தின் ரயில், எந்த ஊர் வழியாக என்ற நிபந்தனைகள். நெரிசலற்ற நேரம் எப்போது தொடங்குகிறது என்பதுகூடத் தடத்துக்குத் தடம் மாறும்.

ஒரு சிறு நிலையத்தில் என் கண் முன் நடந்ததைச் சொல்கிறேன். வயதான தம்பதி ஒருவர், வடக்கே ஒரு நகரத்துக்குப் போய்த் திரும்ப டிக்கெட் கேட்டார்கள். கவுன்டரில் இருந்த பெண் உடனே விலையைச் சொல்லவில்லை. "இருவரும் சேர்ந்துதான் பயணமா? இந்த ரயிலில்தான் போயாக வேண்டுமா?" என்று கேட்டார். ஒன்பதரைக்குப் பிறகு வரும் ரயிலில் போனால் கட்டணம் இறங்கும் என்றார். இருவர் ஒன்றாகப் பயணிப்பதற்கான சலுகை அட்டை ஒன்று இருக்கிறது. அப்போது அதன் விலை 30 பவுண்டு. கட்டணத்தில் மூன்றில் ஒரு பங்கு குறையும். இரண்டு டிக்கெட்டும் சேர்ந்து 90 பவுண்டைத் தாண்டினாலே அட்டையின் விலை அந்த ஒரு பயணத்திலேயே ஈடாகிவிடும். அந்தக் கணக்கைத் தாளின் ஓரத்தில் போட்டுக் காட்டினார். அவர்கள் அட்டையை வாங்கிக்கொண்டு, அடுத்த ரயிலுக்காகக் காத்திருந்து போனார்கள். அதே இடத்தில் ஓர் இயந்திரம் இருந்திருந்தால், கேட்ட டிக்கெட்டைக் கேட்ட விலைக்குக் கொடுத்திருக்கும். இயந்திரம் பொய் சொல்லாது. ஆனால் கேட்காததைச் சொல்லவும் செய்யாது.

தவறான டிக்கெட் எடுத்தால் என்ன ஆகும் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2023 ஜனவரியில்தான் இங்கிலாந்தில் அபராதக் கட்டணம், பயணக் கட்டணத்துக்கு மேல் 100 பவுண்டாக உயர்த்தப்பட்டது. 21 நாட்களுக்குள் கட்டினால் அந்த 100 பவுண்டு பாதியாகும். சரியான டிக்கெட் எது என்று சொல்லித்தர இருந்தவரை எடுத்துவிட்டு, சரியான டிக்கெட் இல்லாதவருக்கு விதிக்கும் தண்டத்தை ஏற்றினால், அந்த இரண்டு முடிவுகளையும் மக்கள் இணைத்துப் பார்க்கத்தான் செய்வார்கள். ஒரே ஆண்டின் ஜனவரியில் ஒன்றும் ஜூலையில் மற்றொன்றும் வந்தன.

எதிர்ப்புக்கு மிக வலுவான அடிப்படை தந்தவர்கள் மாற்றுத்திறனாளிகள். பார்வையற்றோருக்கான ஆர்என்ஐபி நிறுவனம் எடுத்த கணக்கெடுப்பில், டிக்கெட் இயந்திரத்தைச் சிக்கலின்றிப் பயன்படுத்த முடிகிறது என்று சொன்ன பார்வைக் குறைபாடுள்ளோர் நூற்றுக்கு மூவர். முடியவே முடியாது என்றவர்கள் 58 பேர். இயந்திரத்தின் எதிரில் ஒருமுறை கண்ணை மூடிக்கொண்டு நின்று பார்த்தால் காரணம் விளங்கிவிடும். திரை வெறும் வழவழப்பான கண்ணாடி. தடவிப் பார்த்து அறிய ஒன்றுமில்லை. தேர்வுகள் திரைக்குத் திரை இடம் மாறும். சற்றுத் தயங்கினால் நேரம் முடிந்து முதல் பக்கத்துக்குத் திரும்பிவிடும். பார்வை உள்ளவர்களுக்கே, வெயில் விழும் நடைமேடையில் அந்தத் திரையைப் படிப்பது சிரமம்.

இதைவிடக் கொடுமையான ஒரு நுணுக்கம் உண்டு. பார்வையற்ற ஒருவர் துணைக்கு ஒருவரோடு பயணித்தால், சலுகை அட்டை இல்லாமலேயே இருவருக்கும் கட்டணத்தில் தள்ளுபடி கிடைக்கும். சில டிக்கெட்டுகளில் 34 விழுக்காடு, அன்றே போய்த் திரும்பும் டிக்கெட்டில் 50 விழுக்காடு வரை. தன் சக்கர நாற்காலியிலேயே அமர்ந்து பயணிப்பவருக்கும் இதே போன்ற தள்ளுபடி இருக்கிறது. இதைப் பெற நேரடியான வழி கவுன்டர்தான். இயந்திரத்திலோ இணையத்திலோ அது கிடைப்பதில்லை. ஆக, எவருக்காகச் சலுகை உருவாக்கப்பட்டதோ அவர் அதைப் பெறும் இடத்தையே மூடத் திட்டமிட்டார்கள்.

ஊழியர் வெளியில்தானே நிற்பார், அவரைக் கேட்டுக்கொள்ளலாமே என்று சிலர் வாதிட்டார்கள். கண் தெரிந்தவர் சீருடையைத் தேடிப் போய்க் கேட்கலாம். கண் தெரியாதவர் எங்கே போய்த் தேடுவார்? கவுன்டர் எப்போதும் அதே இடத்தில் இருக்கிறது. வாசலிலிருந்து எத்தனை அடி, எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பது அவருக்கு மனப்பாடம். செவித்திறன் குறைந்தவருக்குக் கவுன்டர் கண்ணாடியருகே காதுக் கருவியோடு இணையும் ஒலிவளையம் பொருத்தப்பட்டிருக்கிறது. இரைச்சல் நிறைந்த நடைமேடையில் நடமாடும் ஊழியரிடம் அது இராது. சக்கர நாற்காலியில் வருபவருக்காகப் பல நிலையங்களில் கவுன்டரின் ஒரு பகுதி தாழ்வாகக் கட்டப்பட்டிருக்கிறது. நிலையான ஓர் இடத்தைச் சுற்றி ஆண்டுக்கணக்கில் இப்படிச் சேர்க்கப்பட்ட வசதிகளை, ஊழியரை வெளியே நிறுத்துவதால் ஈடுசெய்துவிட முடியாது.

சிறு நிலையங்களில் காத்திருப்பு அறையையும் கழிப்பறையையும் காலையில் திறப்பவர் பெரும்பாலும் கவுன்டர் ஊழியரே. மின்தூக்கி பழுதானால் தகவல் சொல்பவரும், இரவில் தனியாக இறங்கும் பெண்ணுக்கு விளக்கெரியும் சன்னலுக்குப் பின்னால் தெரியும் முகமும் அவர்தான். ஊழியர் எவருமே இல்லாத நிலையங்கள் பிரிட்டனில் ஏற்கெனவே பல நூறு உள்ளன. அவற்றைப் பயன்படுத்துபவர்களுக்கு, தங்கள் அடுத்த நிலையமும் அப்படி ஆனால் எப்படியிருக்கும் என்பதைக் கற்பனை செய்ய வேண்டிய தேவையே இல்லை.

கருத்துக்கேட்பு நடத்தப்பட்ட விதமும் கோபத்தைக் கூட்டியது. பார்வையற்றோரும், எழுத்துக்கூட்டிப் படிப்பதே சிரமமாக உள்ளவர்களும் மிக அதிகமாகப் பாதிக்கப்படும் ஒரு திட்டத்துக்கு, அவர்கள் படிக்கக்கூடிய வடிவில் ஆவணங்கள் தொடக்கத்தில் போதுமான அளவு கிடைக்கவில்லை. 21 நாளில் கருத்துச் சொல்லச் சொன்னார்கள். மாற்றுத்திறனாளிகள் வழக்குத் தொடுக்கப்போவதாகச் சட்ட அறிவிப்பு அனுப்பினார்கள். கிரேட்டர் மான்செஸ்டர் மேயர் ஆண்டி பர்னாம் உள்ளிட்ட ஐந்து மேயர்களும் தனியே சட்ட நடவடிக்கையில் இறங்கப்போவதாக அறிவித்தார்கள். இந்த அழுத்தத்துக்குப் பிறகே அவகாசம் செப்டம்பர் வரை நீட்டிக்கப்பட்டது. அந்தக் கூடுதல் வாரங்கள் எதிர்ப்பைப் பன்மடங்காக்கின. அக்டோபரில், ஆளுங்கட்சி உறுப்பினரையே தலைவராகக் கொண்ட நாடாளுமன்றப் போக்குவரத்துக் குழுவும், இத்திட்டம் மிக வேகமாகவும் அளவுக்கு மீறியும் போகிறது என்று அரசுக்கு எழுதியது.

நிறுவனங்களின் தரப்பில் நியாயமே இல்லை என்று நான் சொல்லவில்லை. கோவிட்டுக்குப் பிறகு சீசன் டிக்கெட் வருமானம் சரிந்தது. வரிப்பணத்திலிருந்து ரயில்களுக்குப் போகும் தொகை பெருகியது. நாள் முழுவதும் ஒரு சில டிக்கெட்டுகள் மட்டுமே விற்கும் கவுன்டர்களும் இருக்கத்தான் செய்கின்றன. அங்கே இருப்பவரை வேறு பணிகளுக்கும் பயன்படுத்தலாம் என்பது தவறான எண்ணமன்று. ஆனால் 2020-க்குப் பிறகு பெரும்பாலான நிறுவனங்களின் வரவும் செலவும் அரசின் கணக்கில்தான் சேர்ந்தன. செலவைக் குறைக்கும்படி அழுத்தம் தந்ததும் அரசே. அறிவிப்பில் நிறுவனங்களின் பெயர் இருந்தாலும், அமைச்சகத்துக்குத் தெரியாமல் ஒரு வரிகூட வந்திருக்க முடியாது. அதனால்தான், அக்டோபர் 31 அன்று டிரான்ஸ்போர்ட் ஃபோகஸும் லண்டன் டிராவல்வாட்சும் எல்லாத் திட்டங்களையும் மறுத்த அதே நாளில், முன்வைக்கப்பட்டவை தாங்கள் எதிர்பார்த்த தரத்தை எட்டவில்லை என்று கூறி அமைச்சர் மார்க் ஹார்ப்பர் அவற்றைத் திரும்பப் பெறச் சொன்னபோது, ரயில் துறையினருக்கு மனக்கசப்பு ஏற்பட்டது.

லண்டன் சுரங்க ரயிலில் கவுன்டர்களை மூடினார்களே, உலகம் இடிந்துவிடவில்லையே என்று கேட்பவர்கள் உண்டு. நல்ல கேள்விதான். 2013 நவம்பரில் அறிவித்து, 2015 முடிவதற்குள் சுமார் 260 கவுன்டர்களை அங்கே மூடினார்கள். 2014 பிப்ரவரியில் அதை எதிர்த்து வேலைநிறுத்தமும் நடந்தது. ஆனால் அங்கே கட்டணம் மண்டல வாரியாக எளிமையானது. முன்கூட்டியே பணம் ஏற்றி வாசலில் தட்டிச் செல்லும் ஆய்ஸ்டர் அட்டை பழகிவிட்டது. 2014 செப்டம்பரிலிருந்து வங்கி அட்டையையே தட்டிவிட்டு உள்ளே போகலாம். பெரும்பாலான பயணிகளுக்கு டிக்கெட் வாங்க வேண்டிய தேவையே மறைந்துவிட்டது. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 1987-இல் கிங்ஸ் கிராஸ் நிலையத்தில் நேர்ந்த தீ விபத்துக்குப் பிறகு, நிலத்தடி நிலையங்களில் குறைந்தபட்ச ஊழியர்கள் இருந்தே ஆக வேண்டும் என்று தீத்தடுப்பு விதி வந்தது. கவுன்டர் போனாலும் ஆள் இருப்பார் என்பதற்கு வேறொரு விதி அங்கே காவலாக நின்றது. யார்க்‌ஷயரிலோ டெவனிலோ உள்ள ஒரு சிறு நிலையத்துக்கு அப்படி எந்தக் காவலும் இல்லை. அவ்வளவு இருந்தும், 2016-இல் லண்டன் டிராவல்வாட்ச் ஆராய்ந்தபோது, உதவி தேவைப்பட்ட பயணிகள் ஊழியரைக் கண்டுபிடிக்கவே திணறுவது தெரியவந்தது.

ஆகவே, மாற்றமே கூடாது என்று சொல்பவன் அல்லன் நான். முதலில் கட்டணத்தை எளிமையாக்கட்டும். எல்லாச் சலுகைகளும் எல்லா வழிகளிலும் கிடைக்கச் செய்யட்டும். ஊழியர் இருக்கும் நேரத்தையும் இடத்தையும் கவுன்டர் நேரத்தைப் போலவே கட்டுப்படுத்தும் விதியை எழுதட்டும். அதன் பிறகு கண்ணாடித் தடுப்பு இருக்க வேண்டுமா என்று பேசலாம். 2023-இல் இந்த வரிசையைத் தலைகீழாக்கினார்கள். கவுன்டரை முதலில் மூடிவிட்டு மற்றதைப் பிறகு பார்க்கலாம் என்றார்கள்.

இந்த விவகாரம் முடிந்துவிட்டதா என்றால், இல்லை. திறந்திருக்கும் கவுன்டர்களிலும் ஆள் ஓய்வுபெற்றால் புதியவரை நியமிக்காமல் விடுவது, "ஊழியர் பற்றாக்குறையால் இன்று கவுன்டர் மூடப்பட்டுள்ளது" என்று தாள் ஒட்டுவது, இவையெல்லாம் சத்தமின்றி நடக்கக்கூடியவை. 2024-இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி பயணிகள் ரயில் நிறுவனங்கள் ஒவ்வொன்றாக அரசுடைமையாகி வருகின்றன. 2025 மே மாதத்தில் சவுத் வெஸ்டர்ன் ரயில்வே முதலாவதாக வந்தது. கிரேட் பிரிட்டிஷ் ரயில்வேஸ் என்ற ஒரே அமைப்பின் கீழ் எல்லாம் சேரும்போது, தனித்தனி நிறுவனங்களுக்கிடையே எழுதப்பட்ட 1995 உடன்படிக்கையின் இடத்தில் என்ன வரும், 17-ஆம் அட்டவணையின் பாதுகாப்பு புதிய ஏற்பாட்டிலும் தொடருமா என்பதைத்தான் இப்போது கூர்ந்து கவனிக்க வேண்டும்.

நீங்கள் அங்கே வசிப்பவர் என்றால் ஒன்று சொல்வேன். மறுபடி உங்கள் நிலையத்தில் அறிவிப்பு ஒட்டப்பட்டால், "மூடாதீர்கள்" என்று மட்டும் எழுதாதீர்கள். அங்குள்ள இயந்திரம் ரொக்கம் வாங்குமா, எந்த டிக்கெட்டைத் தராது, கவுன்டர் நேரத்துக்குப் பிறகு மின்தூக்கியும் கழிப்பறையும் இயங்குகின்றனவா, நடமாடும் ஊழியர் என்று சொல்லப்படுபவர் எந்த நேரம் முதல் எந்த நேரம் வரை இருப்பார், அது எங்கே எழுதப்பட்டிருக்கிறது என்று நிலையத்தின் பெயரோடு கேளுங்கள். திட்டங்களைப் பரிசீலிக்கும் பயணிகள் அமைப்பு நிலையம் நிலையமாகத்தான் பார்க்கிறது. அதன் கையில் மறுப்புக்கான காரணமாக நிற்பவை இத்தகைய விவரங்களே.